மணலும் நஷ்டஈடும்

தக்கலைக்குத் தெற்கே, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சில இடங்களில் மணல் கருமையாக இருக்கும். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த இம்மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அன்று காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. (பழைய பெட்ரோமாக்ஸ் மேண்டிலைக் கைகர் எண்ணியின் அருகே கொண்டுபோனால் இன்றும் அது டிக் டிக் என்று ஒலிக்கும்.) 1950-இல் இந்திய அரிய மணல் நிறுவனம் தோன்றியது. 1963-இல் அது முழுவதும் மத்திய அரசின் நிறுவனமாகி, அணுசக்தித் துறையின் கீழ் மணவாளக்குறிச்சி ஆலையையும் ஏற்றது. அன்று முதல் இங்கே கதிரியக்க மணலைக் கையாளுபவர் அரசு நிறுவனத்தின் தொழிலாளி.

அவருக்குக் கதிர்வீச்சால் தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு கிடைக்குமா? இயந்திரத்தில் கை சிக்கினால் வழக்கு எளிது. நாளும் சாட்சியும் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் முதலில் நினைத்தது இத்தகைய விபத்துகளையே. ஆயினும் அது தொழில்நோய்களுக்கும் ஒரு பட்டியல் வைத்தது. பட்டியலிலுள்ள நோய் வந்தால், அது வேலையால் வந்ததன்று என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். நல்ல விதி இது. கதிரியக்கப் பொருள்களாலும் அயனியாக்கும் கதிர்களாலும் ‘உண்டாகும்’ நோய்களும் பின்னர் அதில் சேர்ந்தன. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அவை தொடர்கின்றன.

சிக்கல் அந்த ‘உண்டாகும்’ என்ற சொல்லில் இருக்கிறது. ஈய நஞ்சை இரத்தத்தில் அளக்கலாம். கதிர்வீச்சால் வந்த புற்றுநோயோ, மற்றப் புற்றுநோயைப் போலவேதான் இருக்கும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் வரலாம். எந்த மருத்துவரும் ஒரு கட்டியைப் பார்த்து ‘இது தோரியத்தால் வந்தது’ என்று உறுதியாகக் கூற முடியாது. இயற்பியல் இங்கே தருவது நிகழ்தகவு ஒன்றுதான்.

அமெரிக்கா 2000-இல் இதையே சட்டமாக்கியது. அணு ஆயுதத் தொழிற்சாலைகளில் உழைத்துப் புற்றுநோய் கண்டவர் பெற்ற கதிரளவைக் கணக்கிட்டு, நோய்க்கு அதுவே காரணமாயிருக்கும் வாய்ப்பு பாதிக்குக் குறையாவிட்டால் 1,50,000 டாலர். கணக்கின் ஐயப்பாட்டைத் தொழிலாளிக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் அளவுக் குறிப்புகளே போதவில்லை. அங்கே உழைத்தவர்களைத் தனிக் குழுவாக அறிவித்து, குறிப்பிட்ட 22 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்தால் கணக்குக் கேளாமலே பணம் கொடுத்தார்கள். குறிப்பு எழுதாதது தொழிலாளியின் குற்றமன்றே!

நம் நாட்டில் கதிர்வீச்சுப் பணியாளர் மார்பில் ஒரு வில்லை அணிகிறார். அதிலுள்ள கால்சியம் சல்ஃபேட்டில் சிறிது டிஸ்ப்ரோசியம் கலந்திருக்கும். கதிர்கள் தந்த ஆற்றலை அது தேக்கி வைக்கும். சூடேற்றினால் ஒளியாக வெளியிடும். ஒளி எவ்வளவோ, கதிரளவும் அவ்வளவு. ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த எண்கள்தாம் பிற்காலத்தில் அவருக்குச் சாட்சி.

ஆனால் ஆல்ஃபாத் துகளை இவ்வில்லை அறியாது. ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். மோனசைட் தூசு மூச்சோடு நுரையீரலில் தங்கினாலோ தடுக்க எதுவும் இல்லை. ஆகவே, வேலையிடத்துக் காற்றை வடிதாளில் இழுத்து அளந்து, அந்த அளவையும் அவரவர் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும்.