கை நனைக்கக் கூடாத பள்ளிக்கூடம்

ஸ்கூல்ல ரெண்டு கோஷ்டி. இந்தப் பக்கத்துப் பையனுக்கும் அந்தப் பக்கத்துப் பொண்ணுக்கும் யாருக்கும் தெரியாம காதல். இதை நூறு படத்துல பாத்தாச்சு. ஆனா திருநெல்வேலிப் பக்கம் கோஷ்டின்னா பல சமயம் சாதின்னுதான் அர்த்தம். அதனால இன்னைக்குக் காதலுக்கு ஒரு படி முன்னாடி போறோம்: ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுறது.

நம்ம ஊர்ல பொண்ணு பாக்கப் போறவங்க, சம்பந்தம் பிடிச்சாத்தான் அந்த வீட்ல 'கை நனைப்பாங்க'. பேச்சு முறிஞ்சா, சாப்பிடாம எழுந்து வந்துருவாங்க. யாரோட சாப்பிடலாம்ங்கிறதும் யாரைக் கட்டலாம்ங்கிறதும் ஒரே கணக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டு சேரன்மகாதேவிக்கு வாங்க.

1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் அங்கேதான் நடந்தது. சாதாரண ஆள் இல்லை அவர். லண்டனுக்கு பாரிஸ்டர் படிக்கப் போய், சாவர்க்கர் குழுவில் சேர்ந்து, போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிட்டு 1910-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவரும் அவரே. தமிழின் முதல் சிறுகதைன்னு பலர் சொல்ற அந்தக் கதையில, பெரியவங்க போட்ட பணக் கணக்கில் ருக்மிணிங்கிற பொண்ணு குளத்தில் விழுந்து சாகிறாள். அதை எழுதின மனுஷனோட பள்ளிக்கூடத்துல, பையன்களுக்குப் பந்தி தனித்தனி!

குருகுலத்துக்கு 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டது தமிழ்நாடு காங்கிரஸ். முதல் 5,000 கொடுத்தாச்சு. பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தண்ணியும் தனி என்ற புகார் வந்ததும், கமிட்டிச் செயலாளரா இருந்த ஈ.வெ.ரா. மீதியைத் தர மறுத்தார். அங்கே படித்த, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் மூலமாத்தான் விஷயம் வெளியே வந்ததுன்னு பெரியார் தரப்பு சொல்லும். பின்னாளில் சென்னை மாகாண முதல்வரானாரே, அதே ஓமந்தூரார்தான். வரதராஜுலு நாயுடு தன்னோட 'தமிழ்நாடு' பத்திரிகையில இதை வெளுத்து வாங்கினார்.

ஐயர் தரப்பு பதில் என்ன? ரெண்டு பையன்களோட பெற்றோர் கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். 1925 மார்ச்சில் தமிழ்நாடு வந்த காந்தி ஒரு சமரசம் சொன்னார்: அந்த ரெண்டு பேர் தனியாச் சாப்பிடட்டும், இனிமே சேர்றவங்க எல்லாரும் ஒண்ணா உட்காரணும். எங்க ஐ.டி. பாஷையில சொன்னா, பழைய யூசர்களுக்குப் பழைய ரூல், புதுசா வர்றவங்களுக்குப் புது ரூல். சாஃப்ட்வேர்ல இது ஓடும். பக்கத்துல உட்கார்ந்து படிக்கிற பன்னிரண்டு வயசுப் பையனுக்கு, இந்த ரெண்டு பேர் மட்டும் ஏன் நம்மகூடச் சாப்பிடலைன்னு யார் விளக்குறது? எனக்கு இந்தச் சமரசத்துல சம்மதமே இல்லை.

ஏப்ரலில் திருச்சியில் கமிட்டி கூடியது. பிறப்பால் வேற்றுமை பாராட்டக் கூடாதுன்னு எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூனில், அதே தாமிரபரணியின் மேலே, பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில் தண்ணீரில் விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றக் குதித்தார். ரெண்டு பேருமே திரும்பலை. அவருக்கு வயசு 44.

நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதுக்கு அப்புறம் அவர் எதைக் கையில எடுத்தார்னு பாருங்க: கல்யாணம். புரோகிதர் இல்லாம, சாதி பாக்காம, பிடிச்சவங்களைக் கட்டிக்கிற சுயமரியாதைத் திருமணம். பந்தியில ஆரம்பிச்ச சண்டை மணமேடைக்கு வந்துருச்சு. அதுக்குச் சட்ட அங்கீகாரம் 1967-ல், அண்ணா ஆட்சியில.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இன்னும் முடியலை. 2023-ல் அதே மாவட்டத்து நாங்குநேரியில், ஒரு பட்டியல் சாதி மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கலர் கயிறு கட்டத் தடை கேட்டது. கயிறோட கலரைப் பார்த்தாலே யார் எந்தச் சாதின்னு தெரிஞ்சுரும், பேரே கேட்க வேண்டாம். அந்த வகுப்புல யாராவது காதலிச்சா, ரகசியமா வச்சுக்கிறதைத் தவிர வேற வழி என்ன இருக்கு?