முன்சோதனையில் தேறியவர்கள்: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் மது பற்றிய சுயபராமரிப்புக் கல்வி

எடைக்குறைப்பு அறுவை செய்துகொள்வோருக்கான சுயபராமரிப்புக் கல்வியில் மது பற்றிய பாடம் பெரும்பாலும் அறுவைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. குடிப்பழக்கம் உள்ளவரை முன்கூட்டியே கண்டறிந்து அவருக்குக் கூடுதலாக எடுத்துச் சொன்னால் போதும் என்பது ஒரு தரப்பு. அமெரிக்காவின் 10 மருத்துவமனைகளில் நடந்த லேப்ஸ்-2 ஆய்விலிருந்து 2012இல் ஜாமா இதழில் வெளியான கட்டுரையை அத்தரப்பு சான்றாகக் கொள்வதுண்டு. என் வாசிப்பில் அக்கட்டுரை அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது.

ஆடிட் வினாநிரலின்படி மதுப் பயன்பாட்டுக் கோளாறு அறுவைக்கு முந்தைய ஆண்டில் 7.6%, பிந்தைய முதலாண்டில் 7.3%, இரண்டாம் ஆண்டில் 9.6%. முன்சொன்ன தரப்பு ஊன்றி நிற்பது இன்னோர் ஒப்பீட்டில். அறுவைக்கு முன்பே கோளாறு இருந்த 106 பேரில் 66 பேருக்கு அது பின்னரும் தொடர்ந்தது அல்லது திரும்பியது. இல்லாதிருந்த 1,283 பேரில் 101 பேருக்கே வந்தது. 62 சதவீதம் எங்கே, 8 சதவீதம் எங்கே! ஆனால் யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்விக்குச் சதவீதத்தைவிடத் தலைக்கணக்கே விடை தரும். அறுவைக்குப் பின் கோளாறு கண்ட 167 பேரில் 101 பேர், ஐவரில் மூவர், முன்சோதனையில் தேறியவர்கள். ஆபத்துப் பட்டியலைச் சுற்றி அமைந்த கல்வி இவர்களைத் தொடுவதே இல்லை.

அவர்கள் அறுவைக்காக உண்மையை மறைத்திருக்கலாம் என்பார்கள். மறைத்திருந்தால் முன்சோதனையை நம்ப இன்னொரு காரணம் குறைகிறது, அவ்வளவே.

உணவின் மீதிருந்த அடிமைத்தனம் மதுவுக்கு இடம்பெயர்கிறது என்ற விளக்கமும் உண்டு. அப்படியானால் இரைப்பைப் பட்டை பொருத்தியவரிடமும் அது அதே அளவில் தெரிய வேண்டும். அவரும் குறைவாகத்தான் உண்கிறார். கோளாற்றின் வாய்ப்போ, பட்டை பொருத்தியவர்களைவிட இரைப்பை பைபாஸ் செய்தவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. பைபாஸுக்குப் பின் மது சிறுகுடலை விரைந்து அடைகிறது; இரத்தத்தில் அதன் உச்ச அளவு சீக்கிரமாகவும் கூடுதலாகவும் எழுகிறது. இவ்விரு குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவையல்ல. பட்டையில் எடையும் குறைவாகவே இறங்கும். ஆகவே இதை முடிந்த முடிவாகச் சொல்ல இயலாது. ஆனாலும் மனத்தைக் குற்றம் சாட்டுமுன் குடலைப் பார்ப்பது முறை. பழைய ஒரு கோப்பை இனி ஒரு கோப்பை அல்ல என்பதே கற்பிக்க வேண்டிய பாடம். அது குடிக்காதவருக்கும் உரியது.

முதலாண்டின் 7.3 சதவீதத்தைக் கல்வியின் வெற்றியாகக் காண்போர் உண்டு. சுருங்கிய உணவும் குமட்டலும் அடுத்தடுத்த மருத்துவச் சந்திப்புகளும் தந்த தவணையாகவே அதை நான் காண்கிறேன். சந்திப்புகள் அருகும் இரண்டாம் ஆண்டில்தான் எண் ஏறுகிறது. எனவே 12ஆம் மாதத்துக்கும் 24ஆம் மாதத்துக்கும் இடையில், எடை பார்க்க வரும் எல்லோரிடமும் ஆடிட்டின் பத்துக் கேள்விகளையும் கேட்டு, மதுப் பாடத்தை அப்போது மீண்டும் நடத்த வேண்டும். இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் வகை இரைப்பை அறுவையைச் செய்துகொண்டவர்கள் இந்த ஆய்வில் மிகச் சிலரே. அவர்களுக்கும் இதே காலக்கணக்கு பொருந்துமா என்பதற்கு இத்தரவில் விடையில்லை.