பேவ்மென்ட்: 5 ஆல்பம், 30 வருட சண்டை... ரசிகர்கள் ஏன் இப்படி பிரிந்து நிற்கிறார்கள்?

மொத்தமே 5 ஆல்பம்தான். 1999-லேயே குழுவும் கலைந்துவிட்டது. ஆனாலும், அமெரிக்க ராக் இசைக்குழுவான 'பேவ்மென்ட்'டின் சிறந்த ஆல்பம் எது என்று நான்கு ரசிகர்களிடம் கேட்டால், இன்றைக்கும் நான்கு பதில் வரும். கூடவே ஒரு சண்டையும் வரும்.

அப்படி என்னதான் பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பேவ்மென்ட்?

கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் 1989-ல் ஸ்டீபன் மால்க்மஸ், ஸ்காட் கேன்பெர்க் என்ற இரண்டு நண்பர்கள் தொடங்கிய குழு இது. பெரிய மியூசிக் கம்பெனிகளை நம்பாமல், சின்ன கம்பெனிகள் மூலமாக ஆல்பம் வெளியிட்டு வளர்ந்த ராக் குழுக்களை 'இண்டி ராக்' என்பார்கள். 90-களில் அந்த வட்டாரத்தில் அதிகம் பேசப்பட்ட பெயர்களில் ஒன்று பேவ்மென்ட்.

அதே ஊரில் கேரி யங் என்பவர் வீட்டிலேயே வைத்திருந்த ஸ்டுடியோவில்தான் ரெக்கார்டிங் நடந்தது. பிறகு அவரே குழுவின் டிரம்மரும் ஆனார். மற்றவர்களைவிட 10 வயதுக்கு மேல் மூத்தவர். மேடையில் தலைகீழாக நிற்பது, வாசலில் நின்று ரசிகர்களுக்கு முட்டைகோஸ் கொடுப்பது என அவர் அடித்த கூத்துகளும் குழுவின் அடையாளம் ஆகிவிட்டன.

சண்டை 1: கரகரப்பா, மெருகா?

முதல் ஆல்பமான 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்' 1992-ல் வந்தது. இரைச்சலான கிட்டார், பாதி பேசுவதுபோல ஒரு குரல், வீட்டில் பதிவு செய்தது அப்படியே தெரியும் ஒலி. இந்த பாணிக்கு 'லோ-ஃபை' என்று பெயர்.

1993-ல் கேரி யங் விலக, ஸ்டீவ் வெஸ்ட் டிரம்ஸுக்கு வந்தார். அடுத்த ஆண்டு வந்த 'குரூக்கட் ரெயின், குரூக்கட் ரெயின்' ஆல்பத்தில் ஒலி தெளிவானது, மெட்டும் மனதில் நின்றது. 'கட் யுவர் ஹேர்' பாட்டு எம்டிவி வரைக்கும் போனது.

முதல் பிளவு இங்கேதான். "அந்த கரகரப்புதான் பேவ்மென்ட். அதை எடுத்துட்டா இன்னொரு ராக் பேண்ட், அவ்ளோதான்" என்பது ஒரு தரப்பு. "பாட்டே இப்பதான் ஒழுங்கா கேக்குது" என்பது எதிர்தரப்பு.

இடையில் மூன்றாவதாக ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஆரம்பகால பாட்டுகளில் இங்கிலாந்தின் 'தி ஃபால்' குழுவின் சாயல் அதிகம் என்பதே அது. தி ஃபால் பாடகர் மார்க் இ. ஸ்மித்தே இதை வெளிப்படையாகச் சொன்னவர்.

சண்டை 2: அலட்சியமா, பயமா?

ஒரு பாட்டு ஹிட்டானதும் அதே மாதிரி இன்னும் நாலு பாட்டு போடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1995-ல் வந்தது 'வாவீ ஜோவீ'. 18 டிராக்குகள். பங்க், கன்ட்ரி, பாதியில் விட்டதுபோன்ற துணுக்குகள் என எல்லாம் கலந்திருந்தது. இசைத்தட்டில் மூன்று பக்கம்தான் பாட்டு, நான்காவது பக்கம் காலி.

'புகழைப் பார்த்து பயந்துட்டாங்க' என்றும், 'வேணும்னே சொதப்பினாங்க' என்றும் அப்போது பேச்சு கிளம்பியது. அதே வருடம் லாலபலூசா இசைவிழா சுற்றுப்பயணத்தில், மேற்கு வர்ஜீனியாவில் கூட்டம் சேற்றை வாரி வீச, குழு பாதியிலேயே மேடையை விட்டு இறங்கியது.

இன்று நிலைமை தலைகீழ். அப்போது முகம் சுளிக்க வைத்த வாவீ ஜோவீயைத்தான் பல தீவிர ரசிகர்கள் முதலிடத்தில் வைக்கிறார்கள்.

சண்டை 3: கடைசி ஆல்பம் யாருடையது?

1997-ல் வந்த 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' அமைதியான, நிதானமான ஆல்பம். அதில் பெரிய சண்டை இல்லை.

1999-ல் வந்த 'டெரர் ட்வைலைட்'தான் மிகவும் கசப்பான விஷயம். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தில் பணியாற்றிய நைஜல் காட்ரிச் இதன் தயாரிப்பாளர். ஒலி பளபளவென்று இருந்தது. ஆனால் குழுவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கேன்பெர்க்கின் ஒரு பாட்டுகூட இதில் இல்லை.

"இது மால்க்மஸோட சோலோ ஆல்பம்" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. "அவர் எழுதியதிலேயே அழகான பாட்டுகள் இதில்தான்" என்பவர்களும் உண்டு. அந்த நவம்பரில் லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமியில் நடந்த கடைசி கச்சேரியில், மால்க்மஸ் மைக் ஸ்டாண்டில் கைவிலங்கைத் தொங்கவிட்டார். இத்தனை வருடம் பேண்டில் இருப்பது இப்படித்தான் என்று கூட்டத்திடம் சொல்லவும் செய்தார்.

யாரும் எதிர்பார்க்காத பாட்டு

இங்கேதான் ட்விஸ்ட். ஸ்பாட்டிஃபையில் இந்தக் குழுவின் பாட்டுகளில் அதிகம் கேட்கப்பட்டது மேலே சொன்ன எந்த ஆல்பத்திலும் இல்லை!

அது 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்'. பிரைட்டன் தி கார்னர்ஸ் பதிவின்போது உருவாகி, ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த பாட்டு. 1999-ல் ஒரு சிறு வெளியீட்டில் ஓரமாக வந்து மறக்கப்பட்டது. பல வருடம் கழித்து, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தானாகவே ஓடவிடும் 'ஆட்டோபிளே' வசதி இதைப் புதியவர்களின் காதில் போட்டது. 2020-ல் டிக்டாக்கிலும் பரவியது. குழு கலைந்து 20 வருடம் தாண்டிய பிறகு, 2022-ல் இதற்கு வீடியோவே எடுத்தார்கள்.

பழைய ரசிகர்களுக்கு இது லேசான அதிர்ச்சி. வருடக்கணக்கில் அவர்கள் போட்ட பட்டியல்களில் முன்னால் வராத பாட்டு அது. பேவ்மென்ட்டை அந்த ஒரு பாட்டால் தெரிந்துகொண்டவர்களுக்கோ கரகரப்பா, மெருகா என்ற கேள்வியே கிடையாது.

இப்போது என்ன நிலை?

2010-லும் 2022-லும் குழு மீண்டும் சேர்ந்து மேடை ஏறியது. கேரி யங் 2023-ல் காலமானார். குழுவைப் பற்றி அலெக்ஸ் ராஸ் பெர்ரி இயக்கிய 'பேவ்மென்ட்ஸ்' படம் 2024 வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

புதிதாகக் கேட்க நினைக்கிறீர்களா? மெட்டு பிடிக்கும் என்றால் 'குரூக்கட் ரெயின்', இரைச்சல் பிடிக்கும் என்றால் 'ஸ்லான்டட்'. 'வாவீ ஜோவீ'யை மட்டும் ஒரே தடவை கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். 1995-ல் பலர் செய்த தப்பு அதுதான்.