சேலத்துத் தட்டில் ஜாவா அரிசி!

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பெண், சேலம் அம்மாப்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்...

‘‘அங்கெல்லாம் சமையல் ரொம்ப சிம்பிள் அம்மாயி. ஒரு சாலட், காரமா ஒரு டார்ட், கடைசியில ஒரு புட்டிங். முடிஞ்சுது!’’

‘‘டார்ட்டுன்னா என்ன கண்ணு?’’

‘‘மாவுல மொறுமொறுன்னு தட்டு மாதிரி செஞ்சு, அது மேல காய்கறியெல்லாம் வெப்பாங்க...’’

‘‘அட, நம்ம தட்டுவடை செட்டு!’’ என்றார் பெரியம்மா, அலட்டிக்கொள்ளாமல்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால், யோசித்துப் பார்த்தால் பெரியம்மா சொன்னது சரிதான். சேலத்தில் சாயங்காலமானால் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி நிற்கும். உள்ளங்கை அளவு தட்டுவடை. அதன் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. பிறகு துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடினால், அதுதான் ‘செட்’! எல்லாவற்றையும் நொறுக்கிப் போட்டுக் கலந்தால் ‘நொறுக்கல்’. அவனில் சுடாமல் எண்ணெயில் பொரிக்கிறார்கள். மற்றபடி, சாலட்டும் டார்ட்டும் ஒரே கடியில்!

இதில் யார் உள்ளூர், யார் வெளியூர்?

அரிசி, உளுந்து, கறிவேப்பிலை நம்ம ஆட்கள். சிவப்புச் சட்னியில் இருக்கும் மிளகாய், அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுக்கீசியரின் கப்பலேறி வந்தது. வடை பொரிக்கும் கடலை எண்ணெய்க்கும் பூர்வீகம் தென் அமெரிக்காதான். பீட்ரூட், மத்தியதரைக்கடல் பக்கத்துக்காரர். கேரட்டை நம் மலைகளில் பயிராக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1820-களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன், ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் போட்டுப் பார்த்தார். அதே காலத்தில் நம்ம சேலம் கலெக்டர் காக்பர்ன், ஏற்காட்டில் காபிச் செடி வைத்துக்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் இன்றைக்கும் ‘இங்கிலீஷ் காய்’ என்று தனியாகச் சொல்கிறார்களே, அதற்குக் காரணம் இந்தப் பழைய கதைதான்.

சரி, மூன்றாவது ஐட்டம்... புட்டிங்?

அங்கேதான் சேலத்தின் நிஜமான சரித்திரம் ஒளிந்திருக்கிறது. அதில் கொஞ்சம் பசியும் இருக்கிறது.

வெள்ளைக்காரர் வீடுகளில் ‘சேகோ புட்டிங்’ ரொம்பப் பிரபலம். பால், சர்க்கரை, முட்டையோடு ஜவ்வரிசியைச் சேர்த்து அவனில் சுட்டு எடுப்பார்கள். அந்த ஜவ்வரிசி, மலேயா - ஜாவா பக்கம் வளரும் ஒருவகைப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து வந்தது. ‘ஜாவா அரிசி’ என்பதுதான் நம் வாயில் ‘ஜவ்வரிசி’ ஆனது என்பார்கள்.

1942-ல் எல்லாம் நின்றது. பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் விழுந்தன. பர்மா அரிசி வரவில்லை, ஜவ்வரிசியும் வரவில்லை. பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூரில், ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது மரவள்ளிக்கிழங்கு. அதுவும் பிரேசிலிலிருந்து வந்ததுதான். 1880-களில் மகாராஜா விசாகம் திருநாள் அங்கே அதைப் பரப்பியிருந்தார்.

வியாபார விஷயமாகக் கேரளா போய் வந்துகொண்டிருந்த சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரின் கண்ணில் அந்தக் கிழங்கு பட்டது. மலேயாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்கு, ஜவ்வரிசி செய்யும் வித்தை தெரியும். இருவரும் கைகோத்தார்கள். 1943-ல் சேலத்தில் உற்பத்தி தொடங்கியது. கிழங்கை அரைத்து, பால் பிழிந்து, மாவைத் தெளியவைத்து, ஈர மாவைத் துணித்தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் குண்டுமணியாக உருளும். அதை வாணலியில் வறுத்து வெயிலில் உலர்த்தினால்... ஜவ்வரிசி! பனைமரமே இல்லாமல்!

ஆனால், மறுவருஷமே பிரச்னை. 1944-ல் உணவுத் தட்டுப்பாடு. ‘ஜனங்கள் சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுகிற கிழங்கை மில்லுக்கு அனுப்பாதே’ என்று சேலம் கலெக்டர் தடை போட்டார். உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, மேலிடத்தில் முறையிட்டுத்தான் தடையை நீக்கினார்கள். யார் பக்கம் நியாயம்? கிழங்கைத் தின்று பசியாறியவனுக்கு ஒரு நியாயம். கிழங்கை விற்றுப் பிழைக்க நினைத்த விவசாயிக்கு ஒரு நியாயம். பாயசம் குடிக்கும்போது நாம் இதையெல்லாம் நினைப்பதில்லை!

பிறகு ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று குச்சிக்கிழங்குக் காடுகள் பரவின. புரோக்கர்களிடம் சிக்கித் தவித்த உற்பத்தியாளர்களுக்காக 1981-ல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடல் கடந்து வந்த பெயர், கடல் கடந்து வந்த கிழங்கு. ஆனால், சர்ட்டிஃபிகேட்டில் ஊர் ‘சேலம்’!

புட்டிங்குக்கு முட்டை வேண்டுமே? பக்கத்திலேயே நாமக்கல். 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டையும் சேர்ந்தது. இங்கேயும் கதை பசியில்தான் வந்து நிற்கிறது, பாருங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெரியம்மா, குக்கரில் மணலைப் பரப்பி, வெயிட் போடாமல் மூடி, உள்ளே கிண்ணத்தில் ஊறவைத்த ஜவ்வரிசி, பால், சர்க்கரை, முட்டையை வைத்து இறக்கினார். ஓரமெல்லாம் லேசாகச் சிவந்திருந்தது.

‘‘சூப்பர் அம்மாயி! இதை எங்க கத்துக்கிட்டீங்க?’’

‘‘கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு? எங்கம்மா காலத்துல அரிசி கிடைக்காதப்போ, இந்தக் கிழங்கை வெறுமனே வேகவெச்சு உப்புப் போட்டுக் குடுப்பாங்க. இப்போ பால், முட்டை சேர்க்க வசதி வந்திருக்கு. அவ்வளவுதான் கண்ணு... இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ!’’