பூண்டி நீர்த்தேக்கம்

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம். அரசு ஏடுகளில் சத்தியமூர்த்தி சாகர். சுற்றுவட்டார மக்களுக்குப் பூண்டி ஏரி. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, முழு நீர்மட்டம் 35 அடி. பெயரைக் கேட்டுக் கும்மிடிப்பூண்டியோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது கூடூர் ரயில் தடத்தில் உள்ள வேறு ஊர். வேப்பம்பட்டிலிருந்து வருபவர்கள் அரக்கோணம் மார்க்க மின்சார ரயிலில் செவ்வாப்பேட்டை, புட்லூர் தாண்டித் திருவள்ளூரில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

1939-இல் சென்னை மேயரான எஸ். சத்தியமூர்த்தி, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க இந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்டார். 1940-இல் வேலை தொடங்கியது. 1943 மார்ச்சில் அவர் காலமானார். நீர் நிரம்பியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஏரிக்கு அவர் பெயர் அமைந்தது மிகப் பொருத்தம்.

இன்று இங்கே நிற்பது கொசஸ்தலையின் தண்ணீர் மட்டுமல்ல. கண்டலேறு அணையிலிருந்து 152 கி.மீ. கால்வாயில் வரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்டில் தமிழக எல்லைக்குள் நுழைந்து, மேலும் 25 கி.மீ. ஓடிப் பூண்டியில் சேர்கிறது. முதல் வரத்து 1996-இல். இங்கிருந்து இணைப்புக் கால்வாய்கள் வழியாகப் புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் தண்ணீர் போகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் மதகுகளைத் திறந்து உபரி நீரை ஆற்றில் விடுவார்கள். அது தாமரைப்பாக்கம் அணைக்கட்டு வழியாக எண்ணூரில் கடலைச் சேரும். அந்த நாட்களில் ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் வெள்ள எச்சரிக்கை போகும்.

ஏரிக்கரையில் நடப்பதற்கு மழைக்காலம் முடிந்த தை, மாசி மாதங்களே நல்லவை. விடியற்காலையில் வந்துவிட வேண்டும். வெயில் ஏறும் முன் கரையோரம் நின்றால், கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து ஒரே நேரத்தில் அலகைத் தண்ணீருக்குள் விடுவதைப் பார்க்கலாம். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நீர் வற்றி, வெடித்த சேறுதான் கண்ணுக்குப் படும். பறவைக்காக வருபவர்களுக்கு அது காலமல்ல.

ஏரி கட்டியபோது ஊர்களும் நிலங்களும் தண்ணீருக்கடியில் போயின. அவற்றுள் ஒன்று திருவிளம்பூதூர். தேவாரம் சொல்லும் திருவெண்பாக்கம் அதுவே. அங்கிருந்த ஊன்றீஸ்வரர் கோயிலைப் பிறகு பூண்டிக் கரையில் எடுத்துக் கட்டினார்கள். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் சுந்தரர் கண்பார்வை இழந்தார். தடுமாறி இங்கே வந்து முறையிட்டபோது இறைவன் பார்வையைத் தரவில்லை, ஊன்றுகோல் ஒன்றை மட்டும் தந்தார். கோபத்தில் சுந்தரர் அதை எறிய, நந்தியின் கொம்பு ஒடிந்ததாம். இன்றைக்கும் சந்நிதியில் வலக்கொம்பு ஒடிந்த நந்தியைக் காணலாம். வழி தெரியாதவருக்கு மின்னலாக வெளிச்சம் காட்டிய அம்பாள் மின்னொளி அம்மை. கரையில் நடக்க வருபவர்கள் இந்தக் கோயிலுக்குள் போகாமல் திரும்பினால், மூழ்கிய ஊரின் ஒரே சாட்சியைப் பார்க்காமல் போகிறார்கள் என்பேன்.

தண்ணீருக்கும் கோயிலுக்கும் மிக முந்தியவை இந்த வட்டாரத்துக் கற்கள். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அங்கே நடத்திய அகழாய்வில், கீழடுக்குக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் தெரியவந்தது. இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கு 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பது 2018-இல் வெளியான முடிவு. மனிதர் எப்போது, எவ்வழியே இந்தியாவுக்கு வந்தனர் என்ற கேள்வியையே அது மாற்றி எழுதியது.

பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் உள்ளது. கட்டடம் சிறியது, ஆனால் முதலில் இங்கே வந்துவிட்டுக் கரைக்குப் போவதே சரியான வரிசை. இங்குள்ள ஒரு கைக்கோடரியைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள்: உள்ளங்கைக்கு அடங்கும் அளவு, கண்ணீர்த் துளி வடிவம், இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்துக் கூராக்கிய விளிம்பு. ஒவ்வொரு சில்லும் ஒரு தட்டு. அதைப் பார்த்த கண்ணுக்கு வெளியே செம்மண் சரளையில் கிடக்கும் கூழாங்கல்லும் வேறாகத் தெரியும். தெரிந்தாலும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கிடந்த இடத்தைவிட்டு அகன்ற கல்லால் காலத்தைச் சொல்ல முடியாது.

நெடுந்தூரம் நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள் இருக்கின்றன. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. குடியம் ஊரிலிருந்து முட்புதர்க் காட்டு வழியாகக் கரடுமுரடான பாதையில் நடக்க வேண்டும்; ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வது நல்லது. வழியில் கடை கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.