கீபோர்டு கலைஞரின் பின்னணிக் கோப்பும் பதிப்புரிமைச் சட்டமும்

கல்யாணக் கச்சேரியில் பேஸ், தாளம், தந்தி வாத்தியம் எல்லாம் இன்று பல இடங்களில் கீபோர்டு வாசிப்பவரின் பென் டிரைவிலிருந்தே வருகின்றன. அந்தக் கோப்பைச் செய்து விற்பவரும் பெரும்பாலும் ஒரு வாசிப்பாளரே. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்தின் போக்கையும் காதால் பிரித்தெடுத்துப் பதிகிறார். உரிமம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் சட்டமே வகுத்துத் தந்துள்ள உரிமம் அவர் கைக்கு எட்டும் அளவில் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

மூல ஒலிப்பதிவிலிருந்து குரலை மட்டும் நீக்கி எடுத்த மைனஸ் ட்ராக்கில் உரிமை யாருடையது என்பதில் சிக்கலே இல்லை. அது ஒலிப்பதிவு உரிமையாளரின் பொருள். வாசிப்பாளர் காதால் கேட்டுச் செய்யும் மிடி (MIDI) கோப்பு வேறு. 1983இல் வந்த அந்த முறையில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்தில், எப்போது விடுவது என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஆகவே ஒலிப்பதிவு உரிமையை அது தொடுவதில்லை. இசைப் படைப்பின் உரிமையைத் தொடுகிறதா?

1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைத் துளையிட்ட பியானோச் சுருளை முன்வைத்துச் சந்தித்தது. மனிதர் படிக்க முடியாத சுருள் இசையின் படி ஆகாது என்றது தீர்ப்பு. மறு ஆண்டே புதிய சட்டம் இயந்திரப் படிகளுக்குக் கட்டாய உரிமம் கொண்டுவந்தது. நம் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் எழுதப்பட்ட அல்லது வரிவடிவம் பெற்ற இசையையே இசைப் படைப்பு என்றது. கேள்வி ஞானத்தால் வளர்ந்த நம் இசைக்கு அது பொருந்தாத வரையறை; 1994 திருத்தம் அதை மாற்றியது. இன்று மின்னணு முறையில் சேமிப்பதும் மறுவுருவாக்கமே. கேட்டு எழுதுவதும் தழுவலே. எனவே ‘இதில் ஒலி இல்லை’ என்ற வாதம் நிற்காது.

அதற்காகக் கோப்பில் உள்ள எல்லாமே ஒருவரின் உரிமை ஆகிவிடாது. வெறும் தெம்மாங்குத் தாளக்கட்டு யாருக்கும் சொந்தமில்லை. இளையராஜாவின் பேஸ் நடையோ பாட்டின் உடம்பு. அதைக் கீபோர்டில் ஏற்றும் ‘ஸ்டைல்’ (தாளப் பின்னணிக் கோப்பு) என்ற பெயரில் விற்றாலும் எடுத்தது எடுத்ததுதான் என்பேன்.

அப்படியானால் உரிமம் எங்கே? நம் சட்டத்தில் 2012இல் சேர்ந்த 31சி பிரிவு, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பாடலை, உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திராமல், முன்னறிவிப்பும் முன்பணமும் கொடுத்து மறுபதிவு செய்ய இடம் தருகிறது. ஆனால் ஒவ்வொரு படைப்புக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும். சில நூறு பேருக்கு விற்பவர் என்ன செய்வார்? அப்பிரிவு பேசுவதும் ஒலிப்பதிவைப் பற்றி. ஒலியில்லாத கோப்பு அதில் அடங்குமா என்பதே வழக்காடத் தக்கது. மேலுறையில் மூலப் படத்தின் பெயரும் வரக் கூடாது. வாசிப்பவர்களோ கோப்பைத் தேடுவதே படப் பெயரை வைத்துத்தான்.

திருமணத்தையொட்டிய நிகழ்ச்சியில் பாடலை வாசிப்பது 52ஆம் பிரிவின்படி உரிமை மீறல் ஆகாது. அந்த விலக்கு வாசிப்புக்கே உரியது. கோப்பைப் படியெடுத்து விற்பதற்கு அல்ல. இப்படி, மேடையில் நிற்பவருக்குக் காப்பு இருக்க, அவருக்குக் கோப்புச் செய்து கொடுத்தவர் வெளியே நிற்கிறார்.

இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. உரிமத்தொகையில் இசையமைப்பாளரின் பங்கை 2012 திருத்தம் உறுதிசெய்திருக்கிறது. அது அவரைச் சேர வேண்டும். வழி 31சி பிரிவிலேயே கிடக்கிறது. ஒரு மொழிப் படைப்புகள் எவ்வளவு பரவக்கூடும் என்பதைப் பார்த்து, 50,000 என்ற அளவைப் பொது ஆணையால் குறைக்கலாம் என்கிறது அது. தமிழ்ப் பாடல்களின் பின்னணிக் கோப்புகளுக்குச் சில நூறு படிகள் என்ற அளவில் அந்த ஆணை வர வேண்டும்; ‘ஒலிப்பதிவு’ என்ற சொல்லுக்குள் மிடி கோப்பும் அடங்கும் என்ற விளக்கமும் அதனோடு வர வேண்டும்.