இதய மயோசின்

இதய மயோசின் என்பது இதயத் தசைச் செல்களுக்குள் இயங்கும் மோட்டார் புரதம். ஏ.டி.பி. மூலக்கூறை உடைத்து, அதில் கிடைக்கும் ஆற்றலை இழுவிசையாக மாற்றுவது இதன் வேலை. இதன் தலைப்பகுதி பக்கத்திலுள்ள ஆக்டின் இழையைப் பற்றி, துடுப்பு வலிப்பதுபோல ஒருமுறை இழுத்து, விடுகிறது. ஓர் இழுப்பில் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. கோடானுகோடித் தலைகள் சேர்ந்து இழுத்தால்தான் ஒரு துடிப்பு.

ஜெர்மானிய உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே, தவளைத் தசையில் கிடைத்த புரதத்துக்கு 1864இல் மயோசின் என்று பெயரிட்டார். சோவியத் ஒன்றியத்தில் விளாதிமிர் எங்கல்ஹார்ட், மிலிட்சா லியூபிமோவா தம்பதி 1939இல் ஏ.டி.பி.யை உடைப்பதும் அதே புரதம்தான் என்று காட்டினர். தசை சுருங்கும்போது இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உரசி வழுக்குகின்றன என்ற விளக்கம் 1954இல் வந்தது.

திருப்புமுனை 1983இல். ஆய்வாளர்கள் ஜேம்ஸ் ஸ்பூடிச்சும் மைக்கேல் ஷீட்சும் நைடெல்லா என்ற நன்னீர்ப் பாசியின் நீண்ட செல்லை நெடுக அறுத்து விரித்து வைத்தார்கள். உள்ளே பசுங்கணிகங்கள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றை ஒட்டி ஆக்டின் இழைகள் ஓடும். மயோசின் பூசிய நுண்மணிகளை அதன்மேல் விட்டு ஏ.டி.பி. சேர்த்ததும், மணிகள் அந்த வரிசையோடு நகர்ந்தன. முழுத் தசை இல்லாமலே இந்தப் புரதத்தின் வேகத்தை அளக்க முடிந்தது. ஒரு வேதிப்பொருள் அந்த வேகத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று பார்க்கவும் வழி பிறந்தது. பாசியின் வயிற்றில் தொடங்கிய இந்தச் சோதனையே பின்னாளில் வந்த இதய மருந்துகளுக்கு வேர் என்று சொல்லலாம்.

மயோசின் தசைக்கு மட்டும் சொந்தமல்ல. மனித உடலில் சுமார் 40 மயோசின் மரபணுக்கள் உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் இறுக்குவது ஒரு வகை. உட்காதின் மயிர்ச்செல்களைக் காப்பது இன்னொரு வகை, அது பழுதானால் பிறவியிலேயே காது கேட்காமல் போகலாம்.

இதய மயோசினின் பழுது எப்படிப்பட்டது என்பது 1990இல் தெரிந்தது. கிறிஸ்டின், ஜோனத்தன் சீட்மன் தம்பதியின் குழு, இதயத் தசை தடித்துப்போகும் ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி நோய்க்கு மயோசின் மரபணுவில் ஏற்படும் ஒரே ஓர் எழுத்து மாற்றம் காரணமாகலாம் என்று கண்டறிந்தது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்திலேயே சுருண்டு விழுந்து இறப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. இந்த இதயங்களில் ஓய்வில் மடங்கிக் கிடக்க வேண்டிய மயோசின் தலைகளும் வேலைக்கு வந்துவிடுகின்றன. இதயம் அளவுக்கு மீறி இறுகுகிறது, தளர மறுக்கிறது.

அந்தத் தலைகளை மீண்டும் ஓய்வுக்கு அனுப்பும் மருந்துதான் மாவாகாம்டென். ஸ்பூடிச், சீட்மன் தம்பதி, லெஸ்லி லைன்வாண்ட் ஆகியோர் 2012இல் தொடங்கிய மயோகார்டியா நிறுவனம் இதை உருவாக்கியது. 251 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், மருந்து எடுத்தவர்களில் 37 சதவீதத்தினர் எதிர்பார்த்த முன்னேற்றம் கண்டனர். போலி மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதத்தினர். 2022 ஏப்ரலில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. எதிர்த்திசையில், பலவீனமான இதயத்தை வலுப்படுத்த வந்த ஓமெகாம்டிவ் மெகார்பில் 8,000க்கும் மேற்பட்டோரிடம் சோதிக்கப்பட்டும், பலன் சிறிதே என்பதால் 2023இல் அங்கே ஒப்புதல் பெறவில்லை.

மயோகார்டியாவை 2020இல் 1,310 கோடி டாலருக்கு வாங்கிய பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப், பெங்களூரின் தென்கோடியில் உள்ள பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் பழக்கமான பெயர். பயோகான் குழுமத்தின் சின்ஜீனோடு சேர்ந்து அது நடத்தும் ஆய்வு மையம் 2009 முதல் அங்கே இருக்கிறது. இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டியின் நாராயண ஹிருதயாலயாவும் அதே தொழிற்பேட்டையில்தான். தமிழகத்திலிருந்து ஓசூர் சாலை வழியாக வரும் இதய நோயாளிகளுக்கு நகரத்தின் வாசலிலேயே நிற்கும் மருத்துவமனை அது.

இந்திய இதய நோயாளிகளின் மரபணுவில் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் உள்ளிட்ட குழு, 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் அதை வெளியிட்டது. மயோசினைப் பிடித்து வைக்கும் துணைப் புரதமான மயோசின் பைண்டிங் புரதம்-சி-யின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது இந்தியர்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. அவர்களுக்கு இதயத் தசை நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய ஏழு மடங்கு என்று அந்தக் குழு கணக்கிட்டது. நடு வயதுக்குப் பிறகே தொல்லை தொடங்குவதால், அதற்குள் பிள்ளைகளுக்கும் அந்த மரபணு போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த விடுபடல் உள்ள அனைவரும் நோயாளி ஆவதில்லை. யாருக்கு நோய் வரலாம் என்பதற்கு ஒரு துப்பாக, அவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அதே மரபணுவில் இன்னொரு மாற்றமும் இருப்பதை, சின்சினாட்டியில் ஆய்வு நடத்திய சக்திவேல் சடயப்பனின் குழு 2018இல் காட்டியது. தண்டபாணி பின்னர் பெங்களூரின் இன்ஸ்டெம் நிறுவனத்தில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார். ஸ்பூடிச்சும் அங்கே இணைந்து பணியாற்றினார்.

மருந்து தருவதிலும் ஆளுக்கு ஆள் கவனம் தேவைப்படுகிறது. மாவாகாம்டென் அளவு மீறினால் இதயம் பம்ப் செய்யும் திறனே குறைந்துவிடும். அதனால் முறையாக எக்கோ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இம்மருந்தைக் கல்லீரலில் சிதைப்பது பெரும்பாலும் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதி. அந்த நொதி மந்தமாக வேலை செய்பவர்கள் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அதிகம். ஒரே மாத்திரை அவர்கள் உடலில் கூடுதல் நாள் தங்கும்.